சீர்வரிசையில் போன கார்

புதிதாகச் சேர்ந்திருக்கும் தங்கைகளே, தம்பிகளே,

நீங்கள் நம் கார் கம்பெனியின் சென்னை அலுவலகத்தில் போன் மேசையில் உட்காரப் போகிறீர்கள். டெல்லியில் அதே மேசையிலிருந்து நான் எழுந்துவிட்டேன். எனக்குத் தலை நரைக்கவில்லை, ஓய்வு பெறும் வயதுமில்லை. ஆனாலும் எங்காவது போன் மணி அடித்தால் தோள்பட்டை தானாக இறுகிக்கொள்கிறது. அதற்கு மேல் அங்கே உட்காருவது நல்லதில்லை என்று தோன்றியது.

பழைய ஆள் யாராவது புதியவர்களுக்குத் தமிழில் எழுதித் தரவேண்டும் என்று உங்கள் மேலாளர் கேட்டார். டெல்லி அலுவலகத்தில் தமிழ் பேசுகிறவர்கள் சிலர் உண்டு. எழுதத் தெரிந்தவள் நான்தான். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்கவில்லை. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் எல்லாரும் கைநாட்டு. அப்பா நிஜாமுதீன் ஸ்டேஷனில் மூட்டை தூக்கினார், அம்மா சரோஜினி நகர் அரசு குவார்ட்டர்ஸ்களில் பாத்திரம் தேய்த்தார். நான் மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு, பி.காம். முடித்து, மாயாபுரியில் நம் கம்பெனிக் கார்களை விற்கிற ஒருவரின் ஒர்க் ஷாப்பில் வாடிக்கையாளர் பிரிவுக்கு வந்தேன்.

கோளாறுள்ள வண்டிகளைத் திரும்ப அழைப்பது எப்படி, எந்தப் பாகத்தை எவ்வளவு நேரத்தில் மாற்றுவார்கள் என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் வந்துவிடும். நான் ஒரே ஒரு வண்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

ஜனக்புரிப் பக்கம் மெட்ரோவுக்குத் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம். எங்கள் கம்பெனியின் சின்னக் கார் ஒன்றில் பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாய் கொஞ்சம் நீளமாக அமைந்துவிட்டது. சக்கரத்தை முழுதாகத் திருப்பும்போதெல்லாம் அது இரும்பில் உரசும். உரசி உரசி ஒருநாள் பிய்யும். எண்ணெய் ஒழுகிவிட்டால் பிரேக் பிடிக்காது. எந்த வண்டியில் எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது.

வண்டிகளை வரவழைத்துக் குழாயை மாற்றித் தரவேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. கூடவே, போனில் என்ன பேசவேண்டும் என்பதும் வந்தது: ‘இலவசப் பரிசோதனை முகாம் நடக்கிறது, வண்டியைக் கொண்டுவாருங்கள்.’ பிரேக் என்ற சொல் வாயில் வரக்கூடாது. பத்திரிகைக்குப் போய்விடும் என்று பயம். சட்டமும் அப்போது எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

டெல்லிக்காரர்களிடம் இலவசம் என்று சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? “போன தடவை ஃப்ரீன்னு கூப்பிட்டு சீட் கவரைத் தலையில கட்டினீங்க” என்றார் ஒருவர். “மேடம், நீங்க ஃப்ரீயாப் பாருங்க, வேண்டாங்கல. ஆனா நல்லா இருக்கிற வண்டியில நாலு கோளாறு கண்டுபிடிச்சுச் சொல்லுவீங்களே, அதுக்கு நான் எங்க போறது?” என்றார் இன்னொருவர். சனிக்கிழமை இரும்பில் கைவைக்கக் கூடாது என்று ஒரு வீட்டு அம்மா தேதியைத் தள்ளிக்கொண்டே போனார். காலையிலிருந்து சாயங்காலம் வரை பேசி, விரல்விட்டு எண்ணும்படி வண்டிகள் வந்தன. கேட்டுக் கேட்டு ஒருகட்டத்தில் என் குரலே எனக்கு வியாபாரியின் குரலாகக் கேட்கத் தொடங்கியது.

அப்படிப்பட்ட ஒரு பகலில்தான் சரோஜினி நகருக்கு ஒரு போன் போட்டேன். எடுத்தவர் தமிழர், திருநெல்வேலிக்காரர். மத்திய அரசில் கணக்குத் தணிக்கை வேலை. வண்டி அவர் பெயரில் இருந்தது.

“வண்டி எங்கிட்ட இல்லம்மா. மக கல்யாணத்துக்குச் சீராக் குடுத்தாச்சு. ஜனக்புரில இருக்கு.”

“அப்ப மகளோட நம்பர் குடுங்க சார். ஃப்ரீ செக்கப் கேம்ப் நடக்குது.”

“ஃப்ரீயா? பிள்ள, நான் தணிக்கைலயே காலத்த ஓட்டுனவன். சும்மா தாரேன்னு ஒருத்தன் வந்தா மொதல்ல அவன் பையத்தான் பாப்பேன். என்ன கோளாறு, அதச் சொல்லு.”

அன்று எனக்குச் சுற்றி வளைக்கத் தெம்பு இல்லை.

“பிரேக் சார். பிடிக்காமப் போயிடலாம்.”

மறுமுனையில் குக்கர் விசில் ஒன்று கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

“ஏம்மா, நீ அங்க போன் பண்ணிராத. ஒன்னக் கையெடுத்துக் கும்புடுதேன்.”

“சார், யார் ஓட்டறாங்க?”

“எம்மகதான். மாப்பிள்ளைக்குப் பானிப்பட்டுல வேல, வாரக் கடைசிலதான் வருவாரு. அதுனாலதான் சொல்லுதேன். அவிய கேட்டது பெரிய காரு. என்னால முடிஞ்சது இதுதான். ஹாரன் அடிக்கலன்னாலும் எம்பேருதான் அடிபடுது, டயர் பஞ்சரானாலும் எம்பேருதான். இப்போ கம்பெனியே கூப்பிட்டு, வண்டில பிரேக் இல்லன்னு சொன்னா, எம்புள்ள அந்த வீட்டுல எப்படிச் சோறு திங்கும்? நானே அவகிட்ட பக்குவமாச் சொல்லி அனுப்புதேன். நீ விட்டுரு.”

என் அம்மா அந்தக் குவார்ட்டர்ஸ்களில்தான் வேலை செய்தார். அங்கே ஒரு மகளைக் கரையேற்ற என்னென்ன விற்பார்கள் என்று எனக்குத் தெரியும். விட்டேன்.

நாட்கள் போயின. வண்டி வரவில்லை. சர்வீஸ் மேனேஜரிடம் சொன்னேன். அவர் பஞ்சாபி, என்னைத் தன் பிள்ளை மாதிரி பேட்டா என்றுதான் கூப்பிடுவார். “கஸ்டமர்கிட்ட சொல்லியாச்சா? சொல்லியாச்சு. ஹோ கயா, முடிஞ்சுது. அடுத்ததைப் பார், பேட்டா” என்றார். அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கு முன்னால் வராத வண்டிகளின் பட்டியல் மேசை நீளத்துக்கு இருந்தது.

மறுபடி சரோஜினி நகருக்குப் போன் செய்தேன். இந்த முறை எடுத்தது அவர் மனைவி.

“இன்னும் சொல்லலம்மா அவிய,” என்று கிசுகிசுத்தார். “தெனமும் போன எடுக்காவ. நல்லாருக்கியா, சாப்பிட்டியான்னு கேக்காவ, வச்சிருதாவ. மக நம்பர் தாரேன், எழுதிக்கோ. நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லிராத.”

உடனே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். டெல்லியில் பிறந்து வளர்ந்தவள், என் வயதுதான் இருக்கும்.

“ஹாஞ்சி, கார் என்கிட்டதான் இருக்கு. சொல்லுங்க.”

“பிரேக் எப்படி இருக்குங்க?”

“உங்களுக்கு யார் சொன்னாங்க?” என்றாள்.

“யாரும் சொல்லல. இந்த மாடல்ல நிறைய வண்டில இந்தக் கோளாறு இருக்கு.”

“அச்சா! மதலப், அதாவது, என் வண்டி மட்டும் இல்லையா?” அவள் குரலில் நிம்மதி வந்தது. “ரெண்டு மூணு தடவை அமுக்கணும், அப்புறம் பிடிச்சுக்கும். மழைக்காலத்துலேர்ந்தே அப்படித்தான். பழகிடுச்சு.”

“பழகிடுச்சா? யார்கிட்டயும் சொல்லலையா?”

“யார்கிட்ட சொல்றது? அத்தைகிட்ட சொன்னா அப்பாவை ஒரு பேச்சு பேசுவாங்க. அப்பாகிட்ட சொன்னா அவர் தூங்கமாட்டார். மெதுவாத்தான் ஓட்டறேன்.”

ஒருவரால் மற்றவர் மனம் நோகக்கூடாது என்று தகப்பனும் மகளும் தினமும் போனில் ‘நல்லா இருக்கேன்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அந்த வண்டி ரிங் ரோடில் ஓடிக்கொண்டிருந்தது.

“இனிமே அந்த வண்டிய எடுக்காதீங்க,” என்றேன்.

“இப்ப துவாரகால ஒரு கிரகப்பிரவேசம் இருக்கு. அத்தை பட்டுப் புடவை கட்டிட்டு ரெடியா நிக்கறாங்க. எடுக்கமாட்டேன்னு எப்படிச் சொல்றது? நீங்களே சொல்லுங்க.”

உங்களுக்கும் இந்த மாதிரி ஒரு கேள்வி வரும். பயிற்சியில் கொடுத்த காகிதத்தில் அதற்குப் பதில் இருக்காது. என்னிடமும் இல்லை. “பத்து நிமிஷம் எதையாவது தேடிட்டு இருங்க, வந்துடறேன்,” என்று சொல்லிவிட்டு மேனேஜரின் அறைக்கு ஓடினேன். ஒர்க் ஷாப் மிஸ்திரியை, அதாவது மெக்கானிக்கை, வெளியே அனுப்ப விதியில் இடமில்லை. “வண்டி ரோட்டுக்கு வரப் போகுது சார். பிரேக் பெடல் ஏற்கெனவே இறங்குது,” என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். “ஜா, போ. இழுத்துட்டு வர்ற டோ வண்டிய எடுத்துட்டுப் போகாதே, காலனியே கூடிடும். ஆனா வாயிலேர்ந்து பிரேக்னு வரக் கூடாது, சமஜி? புரிஞ்சுதா?”

மிஸ்திரியும் நானும் புதுக் குழாய்களோடு ஆட்டோவில் போனோம். மாயாபுரியிலிருந்து ஜனக்புரி பக்கம்தான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வண்டி கேட்டுக்கு வெளியே நின்றது. மாமியார் முன் சீட்டில் தாம்பூலத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மருமகள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கைப்பையில் எதையோ துழாவிக்கொண்டிருந்தாள். பாவம், நான் சொன்னதை அப்படியே செய்துகொண்டிருந்தாள்.

கம்பெனியிலிருந்து வருகிறோம் என்று சொன்னேன்.

“தமிழா? எந்த ஊரு?” என்றார் மாமியார்.

“சேலம் பக்கம். பொறந்தது இங்கதான்.”

“அப்பா எந்த மினிஸ்ட்ரில இருக்கார்?”

“அப்பா ஸ்டேஷன்ல மூட்டை தூக்கினாருங்க.”

“அச்சா,” என்றார். பிறகு என்னை விட்டுவிட்டு முன் கண்ணாடியைப் பார்த்தார். “என்ன விஷயம்? சீக்கிரம் சொல்லு.”

“இலவசப் பரிசோதனை முகாம். வண்டிய ஒரு மணி நேரம்…”

“நாளைக்கு வா. முகூர்த்தம் போயிடும். நீ எடும்மா, ஜல்தி.”

மருமகள் சாவியைத் திருப்பினாள். என்ஜின் உறுமியது. அவள் என்னைப் பார்த்த பார்வையில், நீ சொல்லேன் என்றும் இருந்தது, சொல்லிவிடாதே என்றும் இருந்தது. நான் வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

“அம்மா, இந்த வண்டில பிரேக் சரியில்ல. ஓட்டினா ஆபத்து. தப்பு எங்க கம்பெனியோடது. யார் வாங்கியிருந்தாலும், எங்க வாங்கியிருந்தாலும் இதே தப்புதான் இருந்திருக்கும்.”

“தப்பு எங்களுடையது” என்று கம்பெனி எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. சொல்லிப் பார்த்தால் அது ஒன்றும் தொண்டையில் சிக்கவில்லை.

ஆனால் அந்த அம்மாவின் காதில் பாதிதான் விழுந்தது. “பார்த்தியா! நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா? மலிவாக் கிடைச்சதேன்னு சம்பந்தி வாங்கித் தள்ளிட்டார்.” கையோடு மொபைலை எடுத்து சரோஜினி நகருக்கு அடித்தார். மருமகள் என்ஜினை அணைத்தாள். அந்தத் தெருவில் பகல் வேளையில் அவ்வளவு அமைதி. மறுமுனைக் குரல் எனக்கும் கேட்டது.

“சம்பந்தி, நீங்க குடுத்த வண்டில பிரேக் இல்லையாமே? கம்பெனிக்காரங்க வந்து வழிய மறிச்சுட்டு நிக்கறாங்க. உங்களுக்கு இது தெரியுமா?”

தெரியாது என்று அவர் சொல்லிவிடலாம். வந்து நிற்கிற கம்பெனிக்காரி, அவரிடம் முன்பே சொன்ன நான்தான் என்று அவருக்குத் தெரியாது.

“தெரியும்,” என்றார் அவர். “கொஞ்ச நாளாவே தெரியும். கம்பெனிப் பிள்ள சொல்லிச்சு. நாந்தான் மறைச்சேன்.” உடனே கேட்டார்: “எம்புள்ள எங்க? வண்டிய எடுத்துட்டாளா? எடுக்கலல்லா?”

மருமகள் மாமியாரின் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

“எடுக்கலப்பா. எனக்கும் தெரியும்பா. மழைக்காலத்துலேர்ந்தே தெரியும்.”

தகப்பனார் அதற்கு என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அவள் “சரிப்பா, சரிப்பா” என்று இரண்டு தடவை சொல்லி வைத்துவிட்டாள்.

மாமியார் எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். “அப்ப போன வெள்ளிக்கிழமை என்னைக் கோவிலுக்குக் கூட்டிட்டுப் போனியே. முன்னாடி உக்கார வச்சுட்டு. அப்பவும் தெரியுமா?”

“தெரியும் அத்தை.”

“பஸ்ஸுக்குப் பின்னாடி பட்டுனு நின்னியே, அப்ப?”

“அப்ப நாலு தடவை அமுக்கினேன்.”

“அடிப்பாவி! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சொல்லியிருந்தா, இப்ப சொன்னீங்களே, அதைத்தான் சொல்லியிருப்பீங்க,” என்றாள் மருமகள். கோபமாகச் சொல்லவில்லை. அலுத்துப்போய்ச் சொன்னாள்.

அந்த அம்மா தாம்பூலத் தட்டைப் பிடித்துக்கொண்டு, கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு, மெல்லக் கீழே இறங்கினார்.

மிஸ்திரி தெருவிலேயே சக்கரத்தைக் கழற்றினார். எடுத்த குழாயை வளைத்துக் காட்டினார். ஒரு பக்கம் ரப்பருக்குள் இருக்கும் நூல் தெரியும்படி தேய்ந்து, அங்கே எண்ணெய் கசிந்திருந்தது. குழாயில் காற்றில்லாமல் எண்ணெய் ஏற்ற, ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அமுக்கவேண்டும். மருமகள்தான் உட்கார்ந்தாள். “தபாவோ” என்றால் அமுக்குவாள், “சோடோ” என்றால் விடுவாள். கடைசியில் ஒருமுறை அமுக்கிவிட்டு, “கல்லு மாதிரி இருக்கு” என்றாள். மிஸ்திரி விடச் சொன்ன பிறகும் காலை எடுக்காமல் சற்று நேரம் அப்படியே இருந்தாள்.

மேல் மாடியிலிருந்து ஒரு பஞ்சாபி அம்மா எட்டிப் பார்த்து, என்ன ஆயிற்று என்று கேட்டார். “க்யா ஹுவா, பெஹன்ஜி?”

மாமியார் நிமிர்ந்தார். ஒன்றுமில்லை, எங்கள் சம்பந்தி வாங்கிக்கொடுத்த வண்டி, கம்பெனிக்காரர்களே வீடு தேடி வந்து புது பிரேக் போட்டுத் தருகிறார்கள் என்று இந்தியில் உரக்கச் சொன்னார். “எல்லார் வீட்டுக்கும் வரமாட்டாங்களாம்,” என்று வேறு சேர்த்துக்கொண்டார். மருமகள் என்னைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

மறுநாள் காலை ஜனக்புரியிலிருந்து போனாக வந்தது. அவர்கள் வீட்டுக்குப் போனீர்களாமே, எங்கள் வீட்டுக்கு ஏன் வரவில்லை? எங்கள் வண்டிக்குப் புது பிரேக் கிடையாதா? முகாம் என்று கூப்பிட்டபோது வராதவர்கள் எல்லாம் வரிசையில் வந்து நின்றார்கள். “என்ன சொல்லிட்டு வந்தே, பேட்டா?” என்றார் மேனேஜர். “பிரேக்னு சொன்னேன் சார்,” என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் வந்த ஒரு வண்டியையும் திருப்பி அனுப்பவில்லை. எனக்கு மேலிடத்திலிருந்து ஒரு எச்சரிக்கை வந்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சில நாள் கழித்து அந்தத் தகப்பனார் ஒர்க் ஷாப்புக்கு வந்தார். அதுவரை நான் குரலைத்தான் கேட்டிருந்தேன். ஒடிசலான மனிதர், சட்டைப் பையில் இரண்டு பேனா. நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

“பிள்ள, ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்காத. நான் போன் பண்ணாதன்னு சொன்னா, நீ கேட்டுக்கிடுவியா?”

எனக்குச் சுரீரென்றது. “சார், நீங்கதான கையெடுத்துக் கும்பிட்டீங்க?”

“கும்புட்டேன். நான் தகப்பன்லா. எனக்கு அவ மானமும் வேணும், உசுரும் வேணும். ரெண்டையும் கையில வச்சுக்கிட்டு எத விடன்னு தெரியாம நின்னேன். நீ கம்பெனிக்காரி. ஒனக்கு அவ உசுரு மட்டும் போதும்லா? நீ ஏன் எம்பேச்சக் கேட்ட?”

சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குக் கோபம் அடங்கச் சாயங்காலம் வரை ஆயிற்று. அவர் செய்யவேண்டியதை அவர் செய்யவில்லை, பழி எனக்கா என்று பொருமினேன். அவர் கேட்டது சரி என்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸில்தான் உறைத்தது.

வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர் வேண்டாம் என்பார். அப்பா வேண்டாம் என்பார், புருஷன் வேண்டாம் என்பார், முதலாளி வேண்டாம் என்பார். ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயம் இருக்கும், அழுதுகூடச் சொல்வார்கள். பொறுமையாகக் கேளுங்கள். கேட்டுவிட்டு, வண்டியை ஓட்டுகிறவரின் நம்பரை வாங்குங்கள். அவரிடம் பிரேக் என்ற சொல்லைச் சொல்லுங்கள். அன்றைக்குப் பிறகு, ஓட்டுகிறவரின் குரலைக் கேட்காமல் ஒரு வண்டியையும் நான் முடித்ததாக எழுதவில்லை. ஒரு வண்டிக்கு ஒரு போன் என்று கணக்குப் போட்டுத்தான் உங்களுக்கு மேசை தந்திருக்கிறார்கள். இப்படிச் செய்தால் ஒன்று ஐந்தாகும், பத்தாகும், உடம்பு ஓய்ந்துபோகும். ஓய்ந்துபோனால் எழுந்து வேறொருவருக்கு இடம் கொடுங்கள். அதுவரை ஓட்டுகிறவரைத் தேடுங்கள்.